எந்தப் பள்ளி நம் குழந்தைக்கு?

மும்பை நகரில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. நெருக்கமான வீடுகள். குறுகலான சந்துகள். பல தலைமுறைகளுக்கு முன்பே பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அதிகாலையில் பல வீடுகளில் இட்லி வேகும். விடிந்ததும் ஆண்கள் இட்லிப் பாத்திரத்தைச் சுமந்து கொண்டு விற்கப் புறப்படுவார்கள்.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

அம்மா மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். அப்பா இட்லி விற்கிறார். மூத்த பெண் மாநகராட்சிப் பள்ளிக்குப் போகிறாள். இளையவனுக்கு வயது மூன்றரை. அவன் இரண்டரை வயதில்தான் நடந்தான். இப்போதும் நுனிக்காலால் நடக்கிறான். அடிக்கடி விழுகிறான். பேச்சு தெளிவாக இல்லை. வாயில் எச்சில் ஒழுகும்.

அக்கா பையை மாட்டிக் கொண்டு போவதை அவன் தினமும் வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பான். தானும் போகத் துடிப்பான்.

"இவனை எங்கே அனுப்ப முடியும்? மற்ற பிள்ளைகள் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? வீட்டிலேயே இருக்கட்டும்" என்கிறாள் பாட்டி.

பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரி இருக்கிறது. அங்கே கேட்டார்கள். "நன்றாக நடக்கட்டும், பேசட்டும். அப்புறம் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நடக்கவும் பேசவும் கற்பதற்குத்தானே பள்ளி? கற்ற பிறகு வா என்றால் எங்கே போய்க் கற்பது?

இந்தக் கேள்வி அந்தத் தாயின் கேள்வி மட்டும் அல்ல. நாடெங்கும் பல பெற்றோரின் கேள்வி இது.

ஏன் காத்திருக்கக் கூடாது?

குழந்தையின் மூளை மிக வேகமாக வளர்வது ஆறு வயதுக்குள். அந்த வயதில்தான் குழந்தை பேச்சைக் கற்கிறது. பொருள்களைப் பிடிக்கவும், மற்றவரோடு பழகவும், தன் முறை வரும் வரை பொறுக்கவும் கற்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். குறைபாடு உள்ள குழந்தைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

காது கேளாத குழந்தையை எடுத்துக் கொள்வோம். காது கேட்கும் கருவியோ சைகை மொழியோ சீக்கிரம் கிடைத்தால், அதன் மூளை ஒரு மொழியைப் பற்றிக் கொள்ளும். தாமதமானால் மொழியைக் கற்பது கடினம். மொழி இல்லாமல் படிப்பும் கடினம்.

நுனிக்காலால் நடக்கும் அந்தப் பையனுக்கு இருப்பது பெருமூளை வாதம். இது தொற்றுநோய் அல்ல. யாருடைய பாவமும் அல்ல. கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டதால் வருவது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பரவாது. ஆனால் பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் நாளாக நாளாக இறுகிவிடும். அதனால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சும்மா இருப்பது நல்லதல்ல.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

பள்ளி தேடுவதற்கு முன்பு, அல்லது தேடிக் கொண்டே, குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண், காது இரண்டையும் தவறாமல் சோதிக்க வேண்டும். "பேச்சு வரவில்லை" என்று நினைப்போம். காது கேட்காததே காரணமாக இருக்கலாம்.

2013 முதல் நாட்டில் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் ஒன்று நடக்கிறது. ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்பது அதன் பெயர். இத்திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரண்டு முறை வர வேண்டும். குறை தெரிந்தால் குழந்தையை மாவட்ட ஆரம்ப நிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

மத்திய அரசின் தேசிய நிறுவனங்களும் இருக்கின்றன. காது கேளாமைக்கு மும்பையில் ஒன்று. அறிவுசார் குறைபாட்டுக்குச் செகந்திராபாத்தில் ஒன்று. பார்வைக் குறைபாட்டுக்கு டேராடூனில் ஒன்று. கை கால் குறைபாட்டுக்குக் கொல்கத்தாவில் ஒன்று. பல குறைபாடுகள் சேர்ந்த குழந்தைகளுக்குச் சென்னை அருகே முட்டுக்காட்டில் ஒன்று. 2021இல் நாட்டின் 14 இடங்களில், சிறு குழந்தைகளுக்கான ஆரம்ப நிலைச் சிகிச்சை மையங்கள் தொடங்கப்பட்டன.

அரசு மருத்துவமனையில் ஊனச் சான்றிதழும், யூ.டி.ஐ.டி. என்ற அடையாள அட்டையும் பெற விண்ணப்பிக்கலாம். பின்னாளில் உதவித்தொகை, பயணச் சலுகை ஆகியவற்றுக்கு இவை வேண்டும். ஆனால் அங்கன்வாடியில் சேர்க்க இந்தச் சான்றிதழ் கட்டாயம் இல்லை. சான்றிதழ் வரும் வரை குழந்தை வாசற்படியில் காத்திருக்க வேண்டியதில்லை.

எத்தனை வகைப் பள்ளிகள்?

மூன்று வகை உண்டு. ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

முதல் வகை, அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. இன்று நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டணம் இல்லை. உணவு உண்டு. தெருவில் விளையாடும் பிள்ளைகளே அங்கும் இருப்பார்கள். ஆனால் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும்தான். பல இடங்களில் இடமும் நெருக்கடி. சிறப்புப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. குறைபாடு உள்ள குழந்தைகளை எப்படிக் கண்டறிவது, எப்படிச் சேர்த்துக் கொள்வது, எங்கே அனுப்புவது என்று அங்கன்வாடிப் பணியாளருக்கு வழிகாட்டும் நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. பணியாளருக்கு அந்தப் பயிற்சி கிடைத்ததா என்று கேட்கலாம்.

இரண்டாம் வகை, தனியார் நர்சரி அல்லது பெரிய பள்ளியோடு சேர்ந்த எல்.கே.ஜி., யு.கே.ஜி. சில இடங்களில் பொறுமையான ஆசிரியர்கள் இருப்பார்கள். சில பள்ளிகளில் சிறப்பு ஆசிரியரும் உண்டு. ஆனால் பணம் செலவாகும். மூன்று வயதிலேயே எழுது, மனப்பாடம் செய் என்று நெருக்கும் பள்ளிகளும் உண்டு. அது எந்தக் குழந்தைக்கும் நல்லதல்ல.

மூன்றாம் வகை, சிறப்புப் பள்ளி அல்லது பயிற்சி மையம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சைகை மொழி, பிரெய்ல் எழுத்துக்கான ஆயத்தப் பயிற்சி ஆகியவை தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். ஆனால் பெரும்பாலும் தூரத்தில் இருக்கும். போய் வரவே அரை நாள் ஆகும். தெருப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பும் குறையும்.

இதில் எது நல்லது? எல்லாக் குழந்தைக்கும் ஒரே பதில் கிடையாது. சைகை மொழி தேவைப்படும் குழந்தைக்கு அது தெரிந்தவர்கள் உள்ள இடமே முதலில் நல்லது. கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் மற்றவரோடு விளையாடும் குழந்தைக்கு அங்கன்வாடி போதும். இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். வாரத்தில் சில நாள் அங்கன்வாடி, சில நாள் பயிற்சி மையம்.

நேரில் போய்ப் பார்க்க வேண்டும்

பெயர்ப்பலகையைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வகுப்பு நடக்கும் நேரத்தில் போக வேண்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆசிரியர் குழந்தைகளிடம் எப்படிப் பேசுகிறார்? கத்துகிறாரா? கையில் குச்சி இருக்கிறதா? அடிக்கும் பள்ளி வேண்டவே வேண்டாம்.

குழந்தைகள் விளையாடுகிறார்களா? எந்நேரமும் கை கட்டி உட்கார்ந்திருக்கிறார்களா? விளையாட்டுத்தான் இந்த வயதின் படிப்பு.

வாசற்படி எவ்வளவு உயரம்? கழிவறைக்குக் குழந்தை போக முடியுமா? தரை வழுக்குமா? கழிவறைக்கு அழைத்துப் போவது யார்? அந்த ஆளைப் பெற்றோர் நேரில் பார்த்துப் பேச வேண்டும்.

கதவு பூட்டும் வசதி உண்டா? ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் சட்டென்று வெளியே ஓடிவிடும். சத்தம் அதிகமாக இருந்தால் துடித்துப் போகும். ஒதுங்கி அமர ஓர் அமைதியான மூலை இருக்கிறதா?

குறைபாடு உள்ள வேறு குழந்தை அங்கே படிக்கிறதா? அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? நடுவிலா, மூலையிலா? இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, குழந்தையைச் சுவரோரம் உட்கார வைப்பது சேர்த்துக் கொண்டதாகாது.

பிறகு சில கேள்விகள் கேட்க வேண்டும். "இவனால் முடியாதபோது என்ன செய்வீர்கள்?" "வலிப்பு வந்தால் யாருக்குத் தெரிவிப்பீர்கள்?" "நான் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா?" கடைசிக் கேள்விக்கு "கூடாது" என்று பதில் வந்தால் மீண்டும் யோசிக்க வேண்டும்.

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் கற்றுக் கொள்கிறோம்" என்று சொல்லும் ஆசிரியரும் நல்ல ஆசிரியர்தான். "ஆறே மாதத்தில் குணமாக்குகிறோம்" என்று பணம் கேட்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை. சிறப்பு ஆசிரியர் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேட்கலாம். 1992ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தப் பதிவு வேண்டும்.

எந்த மொழியில் பேசுவது?

வெளி மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. பள்ளியில் மராத்தியோ கன்னடமோ வங்காளமோ. "இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும். வீட்டில் தமிழ் பேசாதீர்கள்" என்று சிலர் சொல்வார்கள்.

இது சரியல்ல. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வராது. தாய் தனக்கு நன்றாக வரும் மொழியில் பேசினால்தான் குழந்தைக்கு நிறையப் பேச்சு கிடைக்கும். பாட்டி சொல்லும் கதை தமிழிலேயே இருக்கட்டும். ஆனால் "தண்ணீர்", "கழிவறை", "வலிக்கிறது" ஆகிய சொற்களைக் குழந்தை எப்படிச் சொல்லும் என்று பள்ளி ஆசிரியருக்குச் சொல்லித் தர வேண்டும். சொல் வராவிட்டால் படம் போதும். ஓர் அட்டையில் குவளை, தட்டு, கழிவறை ஆகியவற்றை வரைந்து கொடுக்கலாம். குழந்தை விரலால் தொட்டுக் காட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் இதில் அடங்கும். அரசு நிதி பெறும் பள்ளியும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. கட்டடமும் கழிவறையும் அந்தக் குழந்தைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அது. 2012இல் செய்த திருத்தம், குறைபாடு உள்ள குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. பள்ளியோடு பாலர் வகுப்பும் இருந்தால் அங்கும் இது பொருந்தும். தனியாக நடக்கும் நர்சரிக்குப் பொருந்தாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும் பொருந்தாது.

பாகுபாடு நடந்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். எழுதத் தெரிந்தவர் கையில் இது ஒரு பலம்.

ஒரு தாய் தொடங்கிய பள்ளி

இன்று இவ்வளவு சட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் எதுவும் இல்லை. 1960களில் பிறந்த மாலினி சிப் என்ற பெண்ணுக்குப் பெருமூளை வாதம் இருந்தது. அவளைப் போன்ற குழந்தைகளுக்கு அப்போது நம் நாட்டில் சரியான பள்ளி கிடையாது. அவளுடைய தாய் மீத்து ஆலூர் 1972இல் மும்பையில் ஒரு சங்கம் தொடங்கினார். படிப்பும் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைக்கும் பள்ளியை அந்தச் சங்கம் நடத்தியது. மாலினி அங்கே படித்தார். பிறகு மும்பையில் எல்லாரும் படிக்கும் கல்லூரியில் படித்தார். லண்டனில் மேல்படிப்புப் படித்தார். ஒரே ஒரு சிறு விரலால் தட்டச்சு செய்து தன் கதையை நூலாக எழுதினார்.

எல்லாக் குழந்தையும் லண்டன் போக வேண்டியதில்லை. ஆனால் "இவளால் என்ன முடியும்?" என்று முன்கூட்டியே யாரும் முடிவு செய்யக் கூடாது.

அந்தக் குடும்பம் என்ன முடிவு செய்தது?

தாராவித் தாய் மூன்று இடங்களை நேரில் பார்த்தாள். சிறப்புப் பள்ளி நன்றாக இருந்தது. ஆனால் போக வர இரண்டு ரயில், ஒரு பேருந்து. தினமும் போனால் மாவு அரைப்பது யார்?

பிறகு சந்தின் கோடியில் இருந்த அங்கன்வாடிக்குப் போனாள். அங்கன்வாடி சேவிகாவிடம் அரைகுறை இந்தியில் பேசினாள்.

"டீச்சர், என் மகனைச் சேர்த்துக் கொள்ளுங்கள்."

சேவிகா தயங்கினார். "நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டே பேர். இவன் விழுந்து அடிபட்டால் என்னைத்தானே கேட்பார்கள்?"

அவர் பயமும் நியாயமானதுதான். தாய் அதைப் புரிந்து கொண்டாள். "முதல் மாதம் நானும் தினமும் ஒரு மணி நேரம் வந்து உட்காருகிறேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படி ஊட்ட வேண்டும் என்று காட்டுகிறேன்" என்றாள்.

சேவிகா ஒப்புக் கொண்டார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மருத்துவமனைக்குப் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். அன்று அப்பா இட்லி விற்கப் போகவில்லை. ஒரு நாள் வருமானம் போனது. ஆனால் அங்கே கற்ற பயிற்சியை மற்ற நாள்களில் வீட்டிலேயே செய்தார்கள்.

அங்கன்வாடியிலும் சில சிறு மாற்றங்கள் செய்தார்கள். அதற்குப் பெரிய செலவு இல்லை. அவன் சாய்ந்து உட்காரச் சுவர் மூலையில் ஒரு சிறு பலகை போட்டார்கள். வண்ணக் குச்சி கையில் நழுவாமல் இருக்கத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். கிச்சடியை நன்றாக மசித்து ஊட்டினார்கள். படியருகே பிடித்து ஏறக் கயிறு கட்டினார்கள்.

முதல் வாரம் அவன் அழுதான். இரண்டாம் வாரம் ஒரு பையன் அவனைத் தள்ளிவிட்டான். நெற்றியில் வீக்கம். பாட்டி அழுதாள். "நான்தான் சொன்னேனே!" என்றாள். மறுநாள் அனுப்புவதா வேண்டாமா என்று இரவெல்லாம் பேச்சு. காலையில் அவனே வாசலில் செருப்பைத் தேடினான். அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தாயும் சேவிகாவும் உட்கார்ந்து பேசினார்கள். அவன் நடை இன்னும் நுனிக்கால் நடைதான். பேச்சும் தெளிவாகவில்லை. ஆனால் கயிற்றைப் பிடித்துத் தானே படி ஏறுகிறான். தண்ணீர் வேண்டும் என்றால் படத்தைத் தொடுகிறான். தள்ளிவிட்ட பையன்தான் இப்போது அவன் கையைப் பிடித்து அழைத்து வருகிறான். "இன்னும் மூன்று மாதம் பார்ப்போம்" என்று முடிவு செய்தார்கள். சரிப்படாவிட்டால் வேறு வழி தேடலாம். தேர்ந்தெடுத்த பள்ளியை மாற்றுவது தோல்வி அல்ல.

இப்போது காலையில் அக்கா பையை மாட்டும்போது தம்பியும் பையை மாட்டுகிறான். பாட்டிதான் வார்ப்பட்டையைச் சரி செய்து விடுகிறாள். வாசற்படியில் இப்போது யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போகாத குறைபாடு உள்ள குழந்தை இருக்கிறதா? ஏன் போகவில்லை?

2. உங்கள் ஊர் அங்கன்வாடியின் படியும் கழிவறையும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றவையா?

3. அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது? கேட்டு எழுதுங்கள்.

4. அந்தச் சேவிகாவின் பயத்தைப் போக்க ஊர் மக்கள் என்ன உதவி செய்யலாம்?